மலையிறங்கும் குழாயில் காற்று நிற்கிறது: மேட்டில் வால்வு வைத்தால் போதுமா?

கேள்வி (தட்டோன்)
ஊற்றுத் தொட்டியிலிருந்து ரப்பர் தோட்டத்துத் தொட்டிக்கு 300 மீட்டர் கறுப்பு பாலித்தீன் பைப் போட்டிருக்கிறோம். உள்விட்டம் 25 மி.மீ., மொத்த இறக்கம் 12 மீட்டர். வழியில் இரண்டு மேடு. 100வது மீட்டரில் உள்ள மேடு ஊற்றுத் தொட்டியின் தண்ணி மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே. தாண்டினால் 6 மீட்டர் இறக்கம். 160வது மீட்டரில் இன்னொன்று, 7 மீட்டர் கீழே. தாண்டினால் 5 மீட்டர் இறக்கம். முதலில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வந்தது. கீழ்த்தொட்டியில் மிதவை வால்வு (தொட்டி நிரம்ப நிரம்பத் தானே மூடுவது) மாட்டி ஒரு வாரத்தில் 6, 7 லிட்டராகிவிட்டது. அடைப்பும் இல்லை, கசிவும் இல்லை. மேட்டுக்கு மேடு காற்று வால்வு (சேரும் காற்றைத் தானே வெளியே விடுவது) வைக்கட்டுமா அண்ணே?

பதில் (மோல்மேன்)
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். சாய்ந்த 25 மி.மீ. குழாயில் பெரிய குமிழி நொடிக்குச் சுமார் 30 செ.மீ. வேகத்தில் மேலேறும். செங்குத்துக் குழாயில் 17 செ.மீ.தான். சாய்வில் குமிழி மேல்சுவரை ஒட்டிக்கொண்டு, தண்ணிக்கு அடியில் தாராளமாக வழி விடுகிறது. 40 பாகைச் சரிவை ஒட்டித்தான் அது மிக வேகமாக ஏறும்.

25 லிட்டர் ஓடும்போது தண்ணி வேகம் நொடிக்கு 85 செ.மீ.; காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மிதவை வால்வு மெல்ல மூடும்போது ஓட்டம் 9 லிட்டருக்குக் கீழே போகிறது. அங்கேதான் வினை. குமிழிகள் எதிரேறி மேட்டில் கூடி, இறக்கத்தில் நீளமாகப் படுத்துக்கொள்ளும். காற்று படுத்த இறக்கத்தில் தண்ணி அடியில் வழியும், அழுத்தம் சேராது. இரண்டு இறக்கமும் காற்றானால், தண்ணியைத் தள்ளும் 12 மீட்டரில் 6ம் 5ம் 11 மீட்டர் போச்சு. மிஞ்சும் 1 மீட்டருக்கு 6, 7 லிட்டர்தான் வரும். அந்த ஓட்டம் காற்றை அசைக்கவே அசைக்காது.

பதில் (பெகு)
இரண்டாவது மேட்டில் வால்வு சரி. முதல் மேட்டில் அவசரப்படாதீர்கள். 25 லிட்டர் ஓடும்போது அதுவரை குழாய் உராய்விலேயே 4 மீட்டர் இறக்கத்தின் அழுத்தம் போகிறது, மேடோ 3 மீட்டர்தான் கீழே. உள்ளே உறிஞ்சல், வால்வு காற்றை இழுத்துவிடும். அங்கே டீ (T வடிவ இணைப்பு) போட்டு அரை இஞ்சு திருகுகுழாய் மாட்டுங்கள். முழு ஓட்டத்தில் அதைத் திறந்து பெருவிரலை வையுங்கள், விரல் உள்ளே இழுபட்டால் உறிஞ்சல்தான். கீழ்முனையை 19 லிட்டர் அளவுக்கு மூடினால் உறிஞ்சல் நிற்கும். குறையாமல் வேண்டுமென்றால் முதல் 100 மீட்டருக்கு 32 மி.மீ. குழாய் போடுங்கள், அந்தப் பகுதியின் உராய்வு மூன்றில் ஒன்றாகும்.

இப்போதுள்ள காற்றை எடுக்கக் கீழ்முனையை முழுக்க மூடுங்கள். முதல் மேட்டுத் திருகுகுழாயைக் கொஞ்சமாகத் திறந்து, சீறலும் துப்பலும் நின்று கம்பியாகத் தண்ணி வரும்வரை விடுங்கள். மூடிவிட்டு இரண்டாவது மேடு.

பதில் (மோல்மேன்)
உறிஞ்சல் விஷயம் சரி, நான் விட்டுவிட்டேன். காற்று வரும் வழியையும் அடைக்க வேண்டும். ஊற்றுத் தொட்டியில் குழாய் வாய் ஒரு முழமாவது தண்ணிக்குள் இருக்கட்டும்; சுழி விழுந்தால் காற்றைக் குடிக்கும். கறுப்பு பைப் சித்திரை வெயிலில் கிடந்தால் கரைந்த காற்றும் பிரியும், மண் போட்டு மூடுங்கள். மிதவை வால்வைக் கழற்றி, வழிந்தோடும் தண்ணியை நாற்றங்காலுக்குத் திருப்புங்கள்.