எருக்கில் குரோமியம்: முழு நீள ஆர்என்ஏ-செக்கா, 3-பிரைம் முறையா?

காட்பாடி விதை
வணக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவு ஊறிய மண்ணிலும் எருக்கு தழைத்து நிற்கிறது. நாகநதிக் கரை, அமிர்தி, ஜவ்வாது மலையடிவாரச் செடிகளோடு ஒப்பிட்டு, குரோமியத்தைத் தாங்க எந்த மரபணுக்கள் கூடுதலாக வெளிப்படுகின்றன என்று ஆர்என்ஏ-செக்கில் (செடியின் ஆர்என்ஏவைப் படித்து எண்ணும் முறை) பார்க்க வேண்டும். கையில் இருப்பது 30 கோடி ரீடுக்கான (கருவி வாசிக்கும் துண்டு) பணம். 12 மாதிரியை ஆர்என்ஏ முழுவதையும் வாசிக்கும் முழு நீள முறையில் தலா 2.5 கோடி ரீடு என்று செய்யலாமா, 60 மாதிரியை அதன் வால்முனையை மட்டும் வாசிக்கும் 3-பிரைம் முறையில் தலா 50 லட்சம் என்று செய்யலாமா? கத்திரி வெயிலில் இலை பறிக்கத் திட்டம். ஆர்என்ஏ கெடாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவம் போதுமா?

மேல்பட்டி
உங்கள் கேள்வி எண்ணிக்கை பற்றியது என்பதால் 3-பிரைம் போதும். ஒரு டிரான்ஸ்கிரிப்டுக்கு (மரபணுவிலிருந்து படியெடுத்த ஓர் ஆர்என்ஏ) ஒரு துண்டுதான் வாசிக்கப்படும். அதனால் மரபணுவின் நீளம் கணக்கைக் குழப்பாது, 50 லட்சம் ரீடே தாங்கும். மிச்சமாகும் ரீடு தனித்தனிச் செடிகளுக்குப் போகட்டும். செடிக்குச் செடி இருக்கும் வேறுபாட்டை ஆழமான சீக்குவென்சிங் ஈடுகட்டாது. ஆனால் 60 லைப்ரரிக்கான (ஒவ்வொரு மாதிரியையும் வாசிப்புக்குத் தயாரித்த டிஎன்ஏ தொகுப்பு) கிட் செலவைத் தனியாகப் போடுங்கள்.

பெரிய எருக்கின் ஜீனோம் 2018-லேயே வெளியாகிவிட்டது. சிக்கல் அதன் குறிப்புரையில் (எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல்) வரும்: மரபணுவின் வால்பகுதி குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தால் 3-பிரைம் ரீடுகள் எல்லைக்கு வெளியே விழுந்து எண்ணப்படாமல் போகும். எல்லா மாதிரியிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து ஆர்என்ஏவை முனையிலிருந்து முனை வரை நீளமாக வாசிக்கும் நீள்ரீடு லைப்ரரி ஒன்றே ஒன்று செய்து, அதை வைத்து வால்பகுதிகளை நீட்டுங்கள். புரதத் தொடரில் இயற்கைத் தேர்வின் தடம், ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுதல்) வேறுபாடு இவை வேண்டுமென்றால் மட்டும் முழு நீளம்.

இனத்தையும் உறுதி செய்யுங்கள். பெரிய எருக்கில் இதழ்கள் விரிந்து பின்னால் மடங்கும். எருக்கின் இன்னோர் இனமான கலோட்ரோபிஸ் புரோசெராவில் நிமிர்ந்து நிற்கும், நுனி ஊதா.

பாலாறு வேர்
கிட்டை விட வடிவமைப்புதான் எனக்குக் கவலை. தோல் கழிவு மண்ணில் பறித்த இலையையும் மலையடிவாரத்தில் பறித்த இலையையும் ஒப்பிட்டால் ஈரம், உப்பு, உயரம் எல்லாம் குரோமியத்தோடு சேர்ந்தே மாறும். எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. அங்கேயே பழகிய செடியா, தலைமுறைகளாகத் தகவமைந்த செடியா என்பதும் தெரியாது.

விதை எடுத்து ஒரே இடத்தில் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். மாசுபட்ட 3 இடம், சுத்தமான 3 இடம். பொட்டாசியம் டைகுரோமேட் ஊற்றியது, ஊற்றாதது. ஒவ்வொன்றிலும் 5 செடி. 6 × 2 × 5 = 60. பிறப்பிடமும் குரோமியமும் சேர்ந்து காட்டும் இடைவினைதான் உங்கள் விடை. தாய்ச்செடியின் தாக்கம் விதையிலும் வரும், விதை எடையைக் குறித்து வையுங்கள். "சுத்தமான" இடத்து மண்ணிலும் குரோமியம் அளந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். இலையை மட்டும் பார்த்தால் முக்கியமானது நழுவிவிடும். கழுவிய மணலில் வளர்த்தால் வேரைச் சீக்கிரம் அலசி எடுக்கலாம். காட்டு வேரில் பூஞ்சை ஒட்டியிருக்கும். அதன் ஆர்என்ஏவுக்கும் பாலி-ஏ வால் (ஏ எழுத்துகளின் தொடர், கிட் பிடிக்கும் இடம்) உண்டு, லைப்ரரிக்குள் வந்துவிடும்.

மேசை எண் 4
ஆர்என்ஏலேட்டர் மெழுகு பூசிய எருக்கிலைக்குள் சரியாக இறங்காது. இலை எடுப்பதானால் 5 மி.மீ.க்கும் மெல்லியதாக நறுக்கி 5 மடங்கு திரவத்தில் போட வேண்டும். 37 டிகிரியில் ஒரு நாள்தான் தாங்கும், கத்திரியில் அந்த ஒரு நாளும் நிச்சயமில்லை. வேரோ இலையோ, திரவ நைட்ரஜனில் போடுவதே மேல். எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும், கண்ணாடி கட்டாயம்.

பிரித்தெடுக்க: 100 மி.கி. தூளுக்கு 65 டிகிரி சூட்டில் 1 மி.லி. பஃபர். 2% சிடிஏபி, 2% பிவிபி; 2% பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை ஊற்றும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். 15 நிமிடம் வைத்து, குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் 24:1 இரு முறை. மேல்நீரின் மூன்றில் ஒரு பங்கு 10 மோலார் லித்தியம் குளோரைடு சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க. இதில் சிறு ஆர்என்ஏக்கள் தங்காது. மைக்ரோஆர்என்ஏ வேண்டுமானால் இந்த வழி ஆகாது. 260/230 விகிதம் (அந்த நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சல்) 1.8-க்கு மிகவும் கீழே இருந்தால் பாலிசாக்கரைடு போகவில்லை என்று அர்த்தம், லைப்ரரி தொடங்காதீர்கள். மிச்ச டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைத் தவறவிடக் கூடாது: 3-பிரைம் கிட்டில் பாலி-ஏ வாலைப் பிடிக்கும் ஒலிகோ-டிடி, டிஎன்ஏவில் ஏ நிறைந்த இடங்களிலும் ஒட்டும்.

காட்பாடி விதை
நன்றி. தொட்டிக்கே மாறுகிறேன், வேர் எடுக்கிறேன். அறுவடையை இரண்டு நாளாகப் பிரிக்கலாமா?

பாலாறு வேர்
பிரிக்கலாம். ஒவ்வொரு நாளிலும் எல்லா இடத்துச் செடியும் இரண்டு சிகிச்சையும் கிட்டத்தட்ட சம அளவில் இருக்கட்டும், நேரமும் காலை 10 முதல் 11 என்று ஒன்றாக இருக்கட்டும். பல மரபணுக்கள் பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும். 96 குழித் தட்டிலும் மாதிரிகளைக் கலைத்து வையுங்கள், வெளிப்பாட்டை ஒப்பிடும் டிஇசெக்2 மென்பொருளின் புள்ளியியல் சூத்திரத்தில் அறுவடை நாளையும் ஒரு காரணியாகச் சேருங்கள்.