பனிப்புயலில் கார் நடுவழியில் சிக்கினால் என்ன செய்வது?

கேள்வி: நாளை கிராமத்துப் பாதையில் 90 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், பனிப்புயல் எச்சரிக்கை வேறு. பெட்ரோல் பாதி டேங்க் இருக்கிறது, போதுமா? சிக்கினால் இறங்கி நடக்கலாமா?

பதில் 1: நடக்கவே நடக்காதீர்கள். காற்று மணிக்கு 56 கிலோமீட்டர், 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது, இப்படி 3 மணி நேரம் நீடித்தால்தான் அமெரிக்காவில் அதைப் பனிப்புயல் என்றே சொல்வார்கள், அதில் நாலு எட்டு வைத்தாலே திசை குழம்பிவிடும். காருக்குள்ளேயே இருங்கள்.

பதில் 2: டேங்கை முழுசா நிரப்புங்கள். கம்பளி, தண்ணீர், மண்வெட்டி கட்டாயம். ஹீட்டருக்காக ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் மட்டும் என்ஜினை ஓடவிடுங்கள், அதற்கு முன்னால் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.

பதில் 3: அப்படி என்ன அவசரம்?

கேட்டவர்: அவசரம் எதுவும் இல்லை. சரி, மாமனாரிடம் திட்டு வாங்கினாலும் புயல் ஓய்ந்த பிறகே கிளம்புகிறேன்.