அக்ரிகேஷன் பெரமோன்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு பூச்சி தன் இனத்துல ஆண், பெண் எல்லாத்தையும் ஒரு எடத்துக்குக் கூப்பிட காத்துல விடற வாசம்தான் அக்ரிகேஷன் பெரமோன். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு போன வாரம் நான் கேட்டதுக்கு மூணு சொல் வந்துச்சு: இனக்கவர்ச்சிப் பொருள், திரட்சி ஊக்கி, திரட்டி. ஒரு வாரமா மூணையும் எழுதிப் பாத்து அழிச்சுப் பாத்து, எதுவும் மனசுக்கு ஒட்டல. ஏன்னு சொல்லணும்னா முதல்ல இந்த வாசத்தை விடற ஒரு வண்டு என்ன பண்ணுதுன்னு சொல்லணும், அதனால மடல் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கற எடத்துல இருந்து ஜெர்மனியோட ஹார்ட்ஸ் மலை பக்கம். 2018ல தொடங்கி மூணு வருஷம் தொடர்ந்து வறட்சி, அதுல அங்க இருந்த ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரக் காடு மலை மலையா செத்துப் போச்சு, இப்பப் போனாலும் சாம்பல் கலர்ல கம்பம் நட்ட மாதிரி நிக்குது. பண்ணினது அரிசி நீளம் இருக்கற ஒரு பட்டை வண்டு, இப்ஸ் டைபோகிராஃபஸ். இங்க காட்டுவேலை செய்யறவங்க அதை "புக்டுருக்கர்"னு கூப்பிடறாங்க, புத்தகம் அச்சடிக்கறவன்னு அர்த்தம். பட்டைய உரிச்சுப் பாத்தா தாய் வண்டு நேர் கோடா மேலயும் கீழயும் குடைஞ்சிருக்கும், அதுல இருந்து புழுக்கள் பக்கவாட்டுல வரிவரியா குடைஞ்சிருக்கும், அச்சடிச்ச பக்கம் மாதிரியே. கண்ணால பாத்து வச்ச பேரு. நாம தேடற சொல்லும் அப்படி இருக்கணும்னு எனக்கு ஆசை.

விஷயம் என்னன்னா, நல்லா இருக்கற மரத்தைத் தனி ஒரு வண்டால ஒண்ணும் பண்ண முடியாது. ஓட்டை போட்ட உடனே பிசின் பொங்கி வந்து வண்டைத் தள்ளிவிட்டுரும், இல்ல அதுலயே ஒட்டிச் செத்துரும். வறட்சில தண்ணி இல்லாத மரத்துக்குப் பிசின் சுரக்கறது கொறஞ்சு போகும், அப்ப மொதல்ல போற ஆண் வண்டு பிழைச்சுக்குது. பிழைச்ச ஆண் பட்டைக்குள்ள ஒரு சின்ன அறை குடைஞ்சுட்டு மத்தவங்களைக் கூப்பிட ஆரம்பிக்குது. பிசின்ல இருக்கற ஆல்ஃபா பைனீன் மரத்தோட ஆயுதம், வண்டுக்கு விஷம். அதையே உடம்புக்குள்ள மாத்தி சிஸ்-வெர்பீனாலா வெளிய விடுது, கூடவே தானே தயாரிக்கற 2-மெத்தில்-3-பியூட்டீன்-2-ஆல். இந்த ரெண்டும் காத்துல கலந்ததும் ஆணும் பெண்ணுமா ஆயிரக்கணக்குல வந்து இறங்குது, மரம் பிசின் சுரந்து சுரந்து தீந்து போகுது.

இதுல எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணு. 1966ல கலிஃபோர்னியால பைன் மரத்து வண்டுல, சில்வர்ஸ்டைன், ரோடின், வுட்னு மூணு விஞ்ஞானிங்க இந்த மாதிரிப் பொருளை மொத மொதல்ல பிரிச்செடுத்தப்ப, கெடைச்சது ஒரு பொருள் இல்ல, மூணு. தனித்தனியா வச்சா வண்டு பெருசா கண்டுக்கல, சேத்து வச்சாத்தான் வந்துச்சு. அப்ப இது எழுத்துக்கள் சேந்து ஒரு வார்த்தை ஆகற மாதிரி இல்லையா? அதனாலதான் "பொருள்", "ஊக்கி"ன்னு முடியற சொல் எனக்குப் பிடிக்கல. அது நடக்கற காரியத்தைச் சொல்லாம புட்டியில இருக்கறதைச் சொல்லுது. "திரட்டி" வேண்டாம், வலைப்பதிவு காலத்துல இருந்தவங்களுக்கு அது பதிவுகளைச் சேத்துக் காட்டற தளம். நான் "அழைமணம்"னு யோசிச்சேன், ஆனா மணம்னா கல்யாணம்னும் வந்துருது. சொல்லுங்க.

———

அம்மணி, வணக்கமுங்க. நான் பொள்ளாச்சி பக்கம், தென்னந்தோப்பு.

> "பொருள்", "ஊக்கி"ன்னு முடியற சொல் எனக்குப் பிடிக்கல

இருக்கட்டுங்க, ஆனா இனக்கவர்ச்சிப் பொறின்னு சொன்னா எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். வேளாண்மைத் துறை நோட்டீஸ்லயும் அதான், உரக்கடையிலயும் அதான். ஊர் ஏத்துக்கிட்ட சொல்லை எடுத்துப்போட்டு புதுசா ஒண்ணு வச்சா யாரு சொல்லப் போறாங்கன்னுதான் மொதல்ல எழுத உக்காந்தேன்.

அப்பறம் எங்க தோப்பு வாளியவே நெனச்சுப் பாத்தனுங்க. செவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி வச்சிருக்கோம், உள்ள லூர், அதாவது வண்டை இழுக்கற வாச மருந்து, தொங்கும், விழறதுல ஆணும் உண்டு பொட்டையும் உண்டு, பொட்டைதான் ஜாஸ்தி. கத்தரிக்காய்ப் புழுவுக்கு வைக்கற பொறில பாத்தா ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் விழும். ரெண்டுக்கும் ஒரே பேரு. மொத வருசம் நான் கத்தரிக்கு வச்ச நெனப்புலயே இளங்கன்னு பக்கத்துல கூன்வண்டு வாளிய மாட்டிட்டேன். வாசத்துக்கு வந்த வண்டு பூராம் வாளிக்குள்ள போகல, பாதி பக்கத்துக் கன்னுல எறங்கிருச்சு, நாலு கன்னு குருத்தோட போச்சு. வாளிய எளசுகளுக்குத் தள்ளி வைக்கோணும்னு அப்பறந்தான் ஒருத்தர் சொன்னாரு. பேரு வேற வேறயா இருந்திருந்தா நானே கேட்டிருப்பனோ என்னமோ. அதனால நீங்க கேக்கறது நியாயந்தானுங்க.

சொல்லுக்கு ஒண்ணு தோணுது. எங்களுக்குப் பாலக்காடு எட்டிப் பாக்கற தூரம், அங்க கூப்பிடறதுக்கு விளிக்கறதுன்னுதான் சொல்லுவாங்க. நாகர்கோயில்ல எங்க சம்பந்தி வீட்டுலயும் "ஆரு விளிச்சது"ம்பாங்க. பழைய தமிழ் சொல்லுதானே அது. பாருங்க.

———

ஐயா, ரெண்டு தடவை படிச்சேன். உங்க நாலு கன்னு கதைதான் இந்தச் சொல் ஏன் வேணும்ங்கறதுக்கு நான் எழுதின எல்லாத்தையும் விட பலமான காரணம். இங்கயும் அதே கதைதான், பொறிய நிக்கற மரத்துக்கு ஒட்டி வச்சா அந்த மரத்துக்கே வினை.

விளி! பள்ளிக்கூடத்துல விளி வேற்றுமைன்னு படிச்சதோட சரி, நாகர்கோயில்ல இன்னும் வாயில இருக்குன்னா அது உசிரோட இருக்கற சொல். எனக்கு ஒரே ஒரு தயக்கம்தான் வந்துச்சு, விளிதல்னா சாகறதுன்னும் அர்த்தம் இருக்கு, குறள்ல "விளிந்தார்"னா செத்தவங்க. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, இந்த எடத்துல அது தப்பே இல்லன்னு தோணிருச்சு. வண்டுக்கு அழைப்பு, மரத்துக்குச் சாவு, ரெண்டும் ஒரே நேரத்துலதான் நடக்குது. அடுத்த கேள்வியா யாராவது இதைக் கேப்பீங்கன்னு தெரியும், அதான் இப்பவே சொல்லிட்டேன்.

அப்ப இப்படி வைக்கலாமா: எல்லாரையும் கூட்டறது திரள்விளி, ஆணையோ பெண்ணையோ மட்டும் கூப்பிடறது இணைவிளி. கத்தரிக்கு இணைவிளிப் பொறி, கூன்வண்டுக்குத் திரள்விளிப் பொறி. இனக்கவர்ச்சிய யாரும் தூக்கிப் போட வேண்டாம், ரெண்டுக்கும் பொதுப்பேரா அது இருந்துட்டுப் போகட்டும், உரக்கடையில போய் நாம சண்டை போட வேண்டியதில்ல.

இன்னொண்ணும் இதோட சேந்து வந்துருது. மரம் நெறைஞ்சு போச்சுன்னா வெர்பீனோன்னு வேற ஒரு வாசம் கெளம்பும், இங்க இடமில்ல, அடுத்த மரம் பாருன்னு பின்னால வர்ற வண்டுங்களைத் திருப்பி விடும். புழுவுங்களுக்கு சாப்பிட உள்பட்டை பத்தாமப் போகக்கூடாதுல்ல, அதுக்குத்தான். வட அமெரிக்காவுல பைன் மரத்தைக் காப்பாத்த இதையே பையில போட்டு மரத்துல ஆணியடிச்சு மாட்டறாங்க. இதை விலக்குவிளின்னு சொல்லிப் பாத்தேன், நாக்குல சரியா உக்காருது. "எதிர்த்திரட்சி"ன்னு முன்ன யாரோ எழுதியிருந்தீங்க, மன்னிச்சுக்கோங்க, அது எனக்கு அரசியல் கூட்டம் மாதிரி கேக்குது.

முடியாம நிக்கறது ஒண்ணு. எறும்பு சாயல்ல ஒரு வேட்டை வண்டு இருக்கு, தானாசிமஸ்னு பேரு, அது பட்டை வண்டோட திரள்விளிய மோந்து வழி கண்டுபிடிச்சு வந்து கூட்டத்தையே பிடிச்சுத் தின்னும். விளிச்சவன் ஒருத்தன், கேக்கக்கூடாதவன் கேட்டுட்டு வந்து நிக்கறான். கைரோமோன்னு இதுக்குப் பேரு. "ஒட்டுக்கேட்டல்"ல இருந்து எதாவது பண்ண முடியுமா பாருங்க, எனக்குப் பிடிபடல.

இந்த வண்டைப் பத்தி நான் எழுதற வரைவுல மொத வரிய இப்படி மாத்தி எழுதியிருக்கேன், வாய்விட்டுப் படிச்சுப் பாத்து இடறற எடத்தைச் சொல்லுங்க:

"முதலில் வந்த ஆண் வண்டு பிசினில் பிழைத்தால் திரள்விளி விடுக்கும், மரம் நிறைந்ததும் அதே பட்டையிலிருந்து விலக்குவிளி எழும்."