கோலத்தை அசைய வைக்க எந்த மொழியில் தொடங்குவது?

அல்சூர்வாசி:
பெங்களூருவில் பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். பார்வையாளர் நெருங்கி வரவரச் சுவரில் விரியும் புள்ளிக்கோலம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் மாலை வகுப்பில் சேர்ந்து, மூன்று மாதமாகச் சி++ படித்தும், எண்களை வரிசைப்படுத்தக் கற்றேனே தவிர, திரையில் ஒரு வட்டம்கூட வரையவில்லை. இதிலேயே தொடர்வதா, வேறு மொழிக்கு மாறுவதா?

ஜெயநகர் நிரலர்:
இப்போதைக்கு, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் போதும். கலைஞர்களும் நிரல் எழுத வேண்டும் என்று கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கிய 'புராசசிங்' என்ற நிரலாக்கக் கருவியின் வழிவந்தது அது, உலாவியிலேயே ஓடும். அதில் 'செட்டப்' என்ற பகுதி தொடக்கத்தில் ஒருமுறைதான் நடக்கும். 'டிரா' என்ற பகுதி வழக்கமாக நொடிக்கு 60 முறை நடந்துகொண்டே இருக்கும், அசைவெல்லாம் அதற்குள்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'ஃபார்' சுழற்சிகள் எழுதினால் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துவிடலாம். பள்ளியில் வரைந்த வரைபடத்தைப் போலன்றி, இங்கே இடது மேல் மூலையே தொடக்கம் என்பதால், 'ஒய்' கூடக்கூடப் புள்ளி கீழே இறங்கும். (நான் முதலில் வரைந்த குத்துவிளக்கு தலைகீழாகத் தொங்கியது.) முதலில் மவுஸின் நகர்வுக்கு விரியச் செய்யுங்கள்.

சிவாஜிநகர் சால்டரிங்:
அதன்பின் சென்சாருக்கு வாருங்கள். அர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகையும், ஒலியால் தொலைவை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் நம்மூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். ஒலி சென்று திரும்பும் நேரத்தை மைக்ரோநொடியில் பெற்று, ஒலியின் வேகமான 0.0343ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் வரும். மென்மையான துணி ஒலியை விழுங்கிவிடுவதால், சால்வை போர்த்தியவர் எதிரே நின்றால் எண் தாறுமாறாக எகிறும். ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டால் கோலம் துடிக்காது. நீங்கள் அலுத்துக்கொண்ட பாடம் இங்கே கைகொடுக்கும். அர்டுயினோவிற்கு எழுதுவதும் சி++தான் என்பதால், வகுப்பை விட்டுவிட வேண்டாம்.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவே புள்ளி வைத்துவிட்டேன். ஆனால் மவுஸை நகர்த்தினால் பழைய வட்டங்கள் அழியாமல் தங்கி, திரை முழுவதும் மாவு கொட்டியதுபோல் ஆகிவிடுகிறது. பின்னணி வண்ணத்திற்கான வரியைச் 'செட்டப்'பில் எழுதியிருக்கிறேன்.

ஜெயநகர் நிரலர்:
அந்த வரியை 'டிரா'வின் முதல் வரியாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வாசல் தெளித்த பிறகே கோலம் விழும்.