புதுப்பிப்பு: தோட்ட ஆபீஸ் கணினிகளுக்கு எந்த ரிமோட் மென்பொருள்?

போன மாதம் கேட்டிருந்தேன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் மூன்று பேர், சுற்றியுள்ள செம்பனைத் தோட்ட ஆபீஸ்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறோம், இருந்த இடத்திலிருந்தே அவற்றின் திரையைப் பார்த்து இயக்க டீம்வியூவர், எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் மூன்றில் எதை எடுப்பது என்று. ரஸ்ட்டெஸ்க்தான் எடுத்தோம்.

காரணம் காசு. முதல் இரண்டும் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். ரஸ்ட்டெஸ்க் திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்), கணினிகளை இணைத்துவைக்கும் சர்வரையும் நாமே வைத்துக்கொள்ளலாம். வைத்தேன், அரை நாள் போனது. சர்வரின் 21116 போர்ட்டில் (இணைப்பு வரும் வாசல்) டிசிபி, யூடிபி என்ற இரண்டு வகை இணைப்பையும் திறக்க வேண்டும்; நான் டிசிபியை மட்டும் திறந்துவிட்டு, எல்லா மெஷினும் ஆஃப்லைன் என்று காட்டுகிறதே என விழித்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸிலேயே வரும் ரிமோட் வசதியான ஆர்டிபி போதாதா என்று ஓர் அண்ணன் கேட்டார். பாதி மெஷின்கள் விண்டோஸ் ஹோம், அதற்குள் ஆர்டிபியில் நுழைய முடியாது. தவிர ஆர்டிபியின் 3389 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்புறம் சம்பள நாளன்று ஒரு கூத்து. பிரிண்டர் டிரைவர் போட்டுக்கொண்டிருக்கையில் என் பக்கம் திரை அசையவில்லை. போனில் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) அக்கா, "தம்பி, என்னமோ எஸ்ஸா நோவான்னு கேக்குது, நான் எதையும் தொடலப்பா!" என்கிறார். தப்பு என்னுடையது. அந்த மெஷினில் ரஸ்ட்டெஸ்க்கை இன்ஸ்டால் செய்யாமல் சும்மா ஓட்டியதால், விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியை என்னால் அமுக்க முடியவில்லை. இப்போது எல்லாவற்றிலும் முறையாக இன்ஸ்டால் செய்து, சர்வீஸாக (பின்னணியில் தானாக) ஓடுகிறது.

மழை பெய்து லைன் போனால் மட்டும் பழையபடி மோட்டார் சைக்கிள்தான்.