கலைச்சொல் விவாதம்: ஒரு டிஷ், இரண்டு அறை, ‘ஸ்பிளிட்டர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தக்கலையிலிருந்து:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மாலை வேளையில் நடத்தும் தொழிற்பயிற்சி வகுப்பில் டிஷ் பொருத்தக் கற்கும் பிள்ளைகளுக்காக ஒரு கைநூல் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அதை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். வீட்டின் இரண்டாவது அறைக்கும் இணைப்புக் கொடுப்பது பற்றிய பாடத்துக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. மூன்று வெவ்வேறு வேலைகளை எல்லோரும் ‘ஷேரிங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரில் ஸ்பிளிட்டரை வைத்து இரண்டு செட்டாப் பாக்ஸுக்குக் கொடுப்பது ஒரு முறை. டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கி ஒயருக்குள் அனுப்பும் கருவிக்கு எல்என்பி என்று பெயர்; இரண்டு வாய் உள்ள எல்என்பியை மாட்டி, வாய்க்கு ஒன்றாக இரண்டு ஒயர் இறக்குவது வேறொரு முறை. ஒரே செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தை அடுத்த அறை டிவிக்கும் கொண்டுபோவது மூன்றாவது முறை. அதில் இரண்டு அறையிலும் ஒரே சேனல்தான் தெரியும்.

சொல் ஒன்றாக இருப்பதால் வரும் தொல்லையை எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். அம்மாவுக்காகப் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு டிவி வைத்தோம். பொருத்த வந்தவர் ஸ்பிளிட்டர் போட்டுவிட்டுப் போனார். அம்மா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். முன்னறையில் பிள்ளைகள் சேனலை மாற்றிய உடனே அவர் பார்க்கும் திரை கறுத்து, ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து வரும். தாம்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்து, ரிமோட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பார்ப்பார். பெட்டி பழுது என்று சொல்லி எங்களைப் புதுப் பெட்டி வாங்க வைத்தார்கள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. செட்டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியாக மேலே 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்தாக அதிரும் அலையை வாங்கும். 18 வோல்ட் அனுப்பினால் கிடையாக அதிரும் அலையை வாங்கும். இரண்டு பெட்டிகளின் மின்சாரமும் மேலே செல்ல விடும் ஸ்பிளிட்டரில், ஒரு பெட்டி 13-ஐயும் மற்றது 18-ஐயும் அனுப்பினால், உயர்ந்ததாகிய 18-தான் எல்என்பியை எட்டும். 13 கேட்ட பெட்டிக்கு அந்தச் சேனல் வராது.

ஆகவே, மூன்று வேலைகளுக்கும் மூன்று பெயர் வேண்டும். எது எங்கே பிரிகிறது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். ஸ்பிளிட்டருக்குப் ‘பிரிப்பான்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். வேறு கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அதங்கோட்டிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்ட அதங்கோட்டாசானின் ஊர் இதுதான் என்று கொள்ளும் மரபில் வந்தவன் என்பதால், இலக்கணம் பார்க்காமல் என்னால் ஒரு சொல்லைக் கடக்க முடியவில்லை. ‘பிரிப்பான்’ என்பது பெயர்ச்சொல் ஆவதற்கு முன்பே ஆண்பால் எதிர்கால வினைமுற்று. ‘அவன் பிரிப்பான்’ என்ற வாக்கியத்தில் கருவி எங்கே இருக்கிறது? ஆயத்தமாக ஒரு பழஞ்சொல் கிடக்கும்போது இப்படி ஒரு சொல்லைச் செய்து ஒட்டவைக்க வேண்டிய தேவையில்லை.

அந்தச் சொல் ‘கவை’. ஒன்றாக வந்து இரண்டாகப் பிரியும் எதற்கும் அதுவே பெயர். மரக்கிளை பிரியும் இடம் கவை. சங்கப் பாடல்களில் பாதை பிரியும் இடம் ‘கவலை’. பிளவுபட்ட காலுடைய நண்டு ‘கவைத்தாள் அலவன்’. குறுந்தொகையின் 324-ஆம் பாடலில் தோழி, இரட்டைப் பிள்ளைகள் இருவரும் நஞ்சுண்டால் தாய் எப்படி இருவருக்காகவும் அஞ்சுவாளோ அப்படி அஞ்சுகிறேன் என்பதைக் ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு’ என்கிறாள். ஒரு வயிற்றில் வந்த இருவர் கவைமக்கள் என்றால், ஒரு டிஷ்ஷிலிருந்து வரும் இரண்டு ஒயருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? ஸ்பிளிட்டர் ‘கவை’, இரண்டு வாய் எல்என்பி ‘கவைவாய் வாங்கி’. கவண், கவட்டை, கவடு, கவான் என்று இந்த வேர் கிளைத்துப் போகும் அழகை எழுதத் தொடங்கினால் இரவு போதாது. ஆயினும் கவான் என்பது தொடையைக் குறிப்பதையும், உடம்பு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு நம் முன்னோர் இதே வேரிலிருந்து பெயர் வைத்திருப்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

குளச்சலிலிருந்து:

ஐயா, நான் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவன். நீங்கள் எழுதியதை ஆசையாக இரண்டு முறை படித்தேன். ஆனால் எங்கள் பேச்சில் கவட்டை என்றால் இரண்டு காலுக்கும் இடைப்பட்ட இடம். கவட்டையையும் கவையையும் ஒரே வேர் என்று சொல்லிக்கொடுத்த பிறகு, பெண்பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லை வாத்தியார் எப்படிப் பலகையில் எழுதுவார்? ‘கவைக்குதவாத பேச்சு’ என்பதைத் தவிர வேறு எங்கும் அந்தச் சொல்லை நான் கேட்டதும் இல்லை.

வேறொரு செய்தியையும் கைநூலில் சேர்க்க வேண்டும் சார். நாங்கள் கடையில் ‘டூ வே’ கொடுங்கள் என்றுதான் கேட்போம். அப்படிக் கேட்டால் கேபிள் டிவிக்குரியதைக் கொடுத்துவிடுவார்கள். அதன் உடம்பில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். டிஷ் ஒயரில் இறங்குவதோ 950 முதல் 2150 வரை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல வெள்ளியாக மினுங்கும். எந்தப் பெயர் வைத்தாலும் ‘டிஷ்’ என்ற சொல் அதற்கு முன்னால் வர வேண்டும். சேனல்கள் எல்லாம் ஒரே வகை அலையில் வருகிற இணைப்பானால் ஸ்பிளிட்டரே போதும். அதையும் ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் அதை அடியோடு ஒதுக்கிவிடுவார்கள்.

பூதப்பாண்டியிலிருந்து:

இது நீர்ப்பாசன மாவட்டம். கால்வாயிலிருந்து வயலுக்குக் கிளை பிரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் ‘கிளைமடை’ என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் அனந்தனாற்றிலும் பட்டணங்காலிலும் ஓடும் நாள்களில், பிரியப் பிரியக் குறையும் என்பதை எந்தக் குழந்தையும் அறியும். ஸ்பிளிட்டரிலும் அப்படித்தானே, சிக்னல் பாதிக்குப் பாதியாகிறது?

நாகர்கோவிலிலிருந்து:

மடை என்ற உவமை அழகானது. அண்ணாச்சி சொன்னபடி பாதியாவதும் உண்மை. இரண்டாகப் பிரித்தால் கணக்குப்படி 3 டெசிபல் குறையும், நடைமுறையில் அதற்கும் சற்று மேலே குறையும். வெயில் நாளில் அந்தக் குறைவு தெரியாது. ஆனியிலும் ஐப்பசியிலும் மழை கனக்கும்போது முதலில் படம் உறைவது இப்படிப் பிரித்துக் கொடுத்த வீட்டில்தான். ஆனால் தண்ணீர் கீழே மட்டும் ஓடும். இந்த ஒயரில் சிக்னல் கீழே வரும்போதே மின்சாரம் மேலே போகிறது. இரண்டு வயல்காரர்கள் ஒரே மதகுக்கு எதிரெதிரான ஆணையிடுவது போன்ற நிலை அது. கீழ்நோக்கி ஓடுவதை மட்டும் காட்டும் பெயர், தக்கலை அண்ணன் வீட்டில் நடந்த குழப்பத்தை மறைத்துவிடும்.

என் பங்குக்குப் ‘பகுப்பி’ என்று சொல்வேன். ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளில் பகுத்தல் என்பது பகிர்ந்து கொடுத்தல்; ‘பகலென்னும் பண்பின்மை’ என்னும் 851-ஆம் குறளில் பகல் என்பது பிரிந்து நிற்றல். கூடிப் பெறுவதையும் பிரிந்து போவதையும் ஒரே வேர் தாங்குகிறது. இந்தக் கருவி செய்வதும் அந்த இரண்டையும்தான். ஆயினும் ஒரு தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. என் மாணவிகளிடம் கேட்டபோது, பகுப்பாய்வை நினைத்துக்கொண்டு, ஏதோ சோதனை செய்யும் கருவி என்றே மூவர் எண்ணினார்கள்.

தூய்மை பற்றியும் ஒரு சொல். பிறமொழிச் சொல்லை நம் எழுத்துக்கு இசைய மாற்றிக்கொள்ளத் தொல்காப்பியமே ‘வடவெழுத்து ஒரீஇ’ என்று வழி காட்டியிருக்கிறது. பிள்ளைகள் கடையில் கேட்கப் போவது ஸ்பிளிட்டர் என்றால், அந்தச் சொல்லைக் கைநூலிலிருந்து முழுவதும் நீக்குவது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

தக்கலையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நான்கு சொற்களையும் பலகையில் எழுதி, ஸ்பிளிட்டரைக் கையில் கொடுத்து, இதற்கு எது பெயர் என்று கேட்டேன். பதினேழு பேரில் பதினொருவர் பிரிப்பானைக் காட்டினார்கள். கிளைமடைக்கு நான்கு பேர், பகுப்பிக்கு இருவர். கவைக்குக் கை எழவில்லை என்பதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன் ஐயா. அந்தக் குறுந்தொகைப் பாட்டை விளக்கியபோது வகுப்பு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வினைமுற்று மயக்கம் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ‘பெருக்கி’, ‘மின்மாற்றி’ ஆகியவற்றிலும் வினையெச்சம் ஒளிந்திருக்கிறது. எனினும் மின்மாற்றி என்று எழுதினால் ‘மாற்றிவிட்டு’ என்று யாரும் தொடர்வதில்லை. வாக்கியத்தில் அது நிற்கும் இடமே பொருளைத் தீர்த்துவிடுகிறது.

எனவே கைநூலில் ‘டிஷ் பிரிப்பான்’ என்று வரும். பாடத்தின் முதல் வரியில் மட்டும், கடையில் ஸ்பிளிட்டர் என்று கேட்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். இரண்டாவது முறைக்கு ‘இருவாய் எல்என்பி’, மூன்றாவதற்குப் ‘படப் பகிர்வு’. பிரிவது அலையா, வாங்கும் இடமா, படமா என்பது இந்த மூன்று பெயர்களிலும் தெரிகிறது. 13, 18 வோல்ட் பற்றிய படத்தைப் பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் போடுகிறேன். எங்கள் வீட்டில் இருவாய் எல்என்பி மாட்டி ஒரு மாதமாகிறது. அம்மா இப்போது ரிமோட்டைத் துடைப்பதில்லை.

அதங்கோட்டிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பதினேழு பேர் கேள்விப்படாத சொல் என்பதால் அது செத்த சொல் ஆகிவிடாது. ‘படப் பகிர்வு’ நல்ல சொல், அதை மனமார ஏற்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது கவையை மீண்டும் எடுத்து வருவேன். அதற்குள், தம்பி, மெய்ப்புத் தாளை எனக்கு ஒருமுறை அனுப்பினால் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன்.