தனியாளாகக் கிட்டார் செய்பவர்கள்: வாங்கியவர்களும் செய்தவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

8 மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன எலெக்ட்ரிக் கிட்டார், 27 மாதம் கழித்துப் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. கோபத்தைக் கொட்ட இதை எழுதவில்லை. கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது.

ஒரே ஆள் நடத்தும் பட்டறை. வருடத்துக்கு எட்டு, ஒன்பது கிட்டார்தான் செய்வார். பெயர் இங்கே வேண்டாம். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்திருந்தேன். முதல் நான்கு மாதம் படங்கள் ஒழுங்காக வந்தன: அறுத்த பலகை, ஒட்டிக் கிளாம்ப் போட்ட பாடி, பாதி செதுக்கிய நெக். அப்புறம் படங்கள் நின்றன. சில மாதத்தில் பதிலும் நின்றது. 14-வது மாதம் நேரில் கிளம்பிப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

உள்ளே நுழைந்தபோது அவர் யாருடைய கிட்டாருக்கோ நட் வெட்டிக்கொண்டிருந்தார். கம்பிகள் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதியிலிருந்து நெக்குக்கு (கழுத்துக்கு) இறங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன எலும்புத் துண்டுதான் நட். அதில் ஆறு பள்ளம். கம்பியை விலக்கி அரத்தால் இரண்டே இழுப்பு இழுப்பார். கம்பியைத் திரும்பப் போட்டுச் சுருதிக்கு ஏற்றி, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் மூன்றாவதில் அழுத்துவார். முதல் ஃபிரெட்டுக்கு மேலே கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவில் தெரியும் இடைவெளியை விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பார். மறுபடி இரண்டு இழுப்பு. முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன், நான்கு கம்பிதான் முடிந்திருந்தது. ஒரு இழுப்பு கூடிப்போனால் கம்பி முதல் ஃபிரெட்டில் உரசி ஜிர்ரென்று கேட்கும். அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றார். சுவரில் வரிசையாகப் பாடிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடா, அதன்மேல் பென்சிலில் பெயர். என் பெயர் ஐந்தாவதாக இருந்தது. சண்டை போடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கிட்டார் மடியில் இருக்கிறது. 19 வருடமாகத் தொழிற்சாலைக் கிட்டார்கள் வாசித்தவன் நான். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் ஒவ்வொன்றும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுக்குகின்றன. முதல் ஃபிரெட்டில் பார் கார்டு (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்துவது) பிடிக்க நான் இத்தனை காலம் கொடுத்துவந்த அழுத்தத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற ஒருவரால் ஏன் சொன்ன நேரத்தில் தர முடியவில்லை? உள்ளிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

*

ஒட்டுநாடாவில் பென்சில் பெயர் என்று படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் பட்டறையிலும் அப்படி 11 பாடிகள் தொங்கிய காலம் உண்டு. ஆறு வருடம் நடத்திவிட்டு மூடினேன். அந்தப் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

முதல் தவறு, மணிக்கணக்கு. ஒரு கிட்டாருக்கு 60 மணி நேரம் ஆகும் என்று மனக்கணக்கில் விலை வைத்தேன். நான்காவது வருடம் ஒரு நோட்டு போட்டு எழுதிப் பார்த்தபோது 142 வந்தது. பாடி வெட்டுவதும் நெக் செதுக்குவதும் நான் நினைத்த நேரத்தில்தான் முடிந்தன. மீதி நேரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலையில் போயிருந்தது. ஃபிரெட் போட்டு, மட்டம் பார்த்து, தட்டையான தலைகளை மறுபடி உருட்டி, முனைகளைத் தேய்த்து, மெருகேற்ற மட்டும் 17 மணி நேரம். கடிதங்களுக்குப் பதில் எழுதியது 9 மணி நேரம். அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, நானும் கேட்டதில்லை.

பூச்சு இன்னொரு பள்ளம். நைட்ரோ லேக்கர் கேட்பவர்கள் அதிகம். மெல்லிய படலமாகப் பல தடவை அடித்து, கடைசிப் பூச்சுக்கு அப்புறம் வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மெருகேற்றினால் சில வாரத்தில் படலம் சுருங்கி மரத்தின் துளைகள் மேலே தெரியும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி அடித்தேன். அந்த ஒரு கிட்டாருக்காகப் பின்னால் இருந்த நான்கு பேர் இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

ஆனால் என்னை மூடவைத்தது முன்பணம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விலை குறைவாக வைத்ததால் ஒரு கிட்டார் பாதி முடியும்போதே அதற்கான முன்பணம் தீர்ந்துவிடும். வாடகை கட்ட வேண்டும், கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜும் சுருதிக்கு முறுக்கும் டியூனரும் வாங்க வேண்டும். அப்போது புது ஆர்டர் ஒன்று வரும். அந்த முன்பணத்தில் பழைய கிட்டாரை முடிப்பேன். புது ஆர்டருக்கு மரம் வாங்கக் காசு இருக்காது, அதற்கு இன்னொரு ஆர்டர் தேவைப்படும். வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றரை வருட வரிசை என்றால் பெரிய மதிப்பாகத் தெரியும். உள்ளே அது ஒன்றரை வருடக் கடன். ஒவ்வொரு ஆர்டரும் முந்தையவருக்கு நான் பட்ட கடனை அடுத்தவர் தலையில் ஏற்றியது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் எண்ணம் இல்லாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். பதில் எழுதாமல் போனதும் அந்தக் காலத்தில்தான். சொல்ல நல்ல செய்தி கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று நினைப்பேன், செய்தி வராது.

மூடியபின் வேறு வேலைக்குப் போய், எல்லோருக்கும் ஒன்று கிட்டாரை முடித்துக் கொடுத்தேன் அல்லது பணத்தைத் திருப்பினேன். மூன்று வருடம் பிடித்தது. இப்போது மாலை நேரங்களில் மறுபடி செய்கிறேன். ஒரே மாடல், ஒரே நெக் அளவு. செய்து முடித்த பிறகுதான் விற்பனை. முன்பணம் ஒரு காசுகூட வாங்குவதில்லை.

*

மேலே எழுதியவரிடம் ஒரு கேள்வி. கணினி வழிநடத்தும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டினால் நேரம் மிச்சமாகுமே? கைவேலை என்ற பெயர் போய்விடும் என்றுதான் பலரும் அதைத் தொடுவதில்லையா?

*

மிச்சமாகும், ஆனால் நினைக்கிற இடத்தில் இல்லை. நெக் உட்காரும் பாக்கெட், கம்பியின் அதிர்வை எடுக்கும் பிக்கப்புக்கான குழி, ஃபிரெட் பள்ளம் இவற்றில் இயந்திரம் என் கையைவிடத் துல்லியம், அதில் எனக்கு வெட்கமே இல்லை. 648 மி.மீ. ஸ்கேலில் (அதிரும் கம்பியின் நீளம்) நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.37 மி.மீ. தூரத்தில் விழ வேண்டும். அங்கிருந்து மிச்சத் தூரத்தை 17.817-ஆல் வகுத்து வகுத்துப் போக வேண்டும். இதில் கையால் பிழை செய்வதில் என்ன பெருமை இருக்கிறது? ஆனால் அந்த 142 மணி நேரத்தில் இயந்திரம் காப்பாற்றுவது 25-ஐத் தாண்டாது. ஃபிரெட்டும் நட்டும் பூச்சும் அப்படியே மிச்சம் இருக்கும். அதோடு இயந்திரத்துக்கான கடனை அடைக்க வருடத்துக்கு எத்தனை கிட்டார் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டால், நீங்கள் சின்னப் பட்டறைக்காரராகவே இருக்க முடியாது.

*

நான் கிட்டார் பழுதுபார்க்கிறவள். ஐந்து வருடமாகச் சொந்த வடிவமைப்பிலும் செய்கிறேன். பணத்தைப் பற்றி அந்த நண்பர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வடிவத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

புதிதாக ஒரு பாடி வரைவது காகிதத்தில் எளிது. என் முதல் மாதிரியில், நெக்குக்கு மேலே நீளும் பாடியின் மேல்கொம்பைச் சின்னதாக வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது. வாரை மாட்டி நின்று கையை எடுத்ததும் நெக் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தது. 1954-இல் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் மேல்கொம்பு ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வார் மாட்டும் குமிழ் 12-வது ஃபிரெட்டை ஒட்டி வந்தால்தான் எடை சமமாக நிற்கும். அந்த மாதிரியை அறுத்து, கொம்பில் துண்டு வைத்து ஒட்டி, 8 மி.மீ., 8 மி.மீ. ஆகக் குமிழை நகர்த்திப் பார்த்தேன். அந்த ஒட்டுப்போட்ட பாடி இன்னும் என் மேசைக்கு மேலே இருக்கிறது. புதிதாக எதை வரைந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

இன்னொரு வழி, ஹெட்ஸ்டாக்கையே எடுத்துவிடுவது. வடிவமைப்பாளர் நெட் ஸ்டெயின்பெர்கர் 1980 வாக்கில் பேஸ் கிட்டாரில் அதைச் செய்து காட்டினார். டியூனர்கள் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டதால் எடை தானாகச் சமப்பட்டது. பிறகு பல வருடம் அது பழைய பாணி என்று ஒதுக்கப்பட்டது. அதை மறுபடி எல்லோரும் விரும்பும்படி செய்தவர்களில் சுவீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் முக்கியமானவர். அவரும் தனியாளாக ஆரம்பித்தவர்தான். நெக்கின் பின்பக்கத்தை உருண்டையாக இல்லாமல் தட்டையான முகங்களாக வெட்டினார். படத்தில் பார்த்து நானும் முகம் சுளித்தேன். கட்டைவிரல் அந்தத் தட்டையில் உட்கார்ந்ததும் மணிக்கட்டு தானாக நேரானது. இதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரிடமும் சொல்லி விற்க முடியாது. சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கஷ்டம் அதுதான். நம் கிட்டார் எந்தக் கடையிலும் தொங்காது. கடையில் வைத்தால் அவர்கள் பங்கு போக நமக்குக் கூலிகூட மிஞ்சாது.

வடிவத்தில் சட்டமும் இருக்கிறது. பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின் ஒற்றைக் கொம்பு மாடலுக்கு எதிராகக் கிப்சன் நிறுவனம் வழக்குப் போட்டு முதலில் தடை வாங்கியது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2009-இல் அமெரிக்க வணிகக்குறித் தீர்ப்பாயம் ஃபெண்டரின் பாடி வடிவங்களுக்குப் பதிவு தர மறுத்தது. பாடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் ஹெட்ஸ்டாக் வடிவத்தைத் தொடாதீர்கள் என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த வழக்குகளில் இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க வசதி இருந்தவர்கள். நமக்கு ஒரு நோட்டீஸ் வந்தாலே அந்த வருடம் போய்விடும்.

*

சுருக்கமாக என்னுடையது. 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதும், ஈட்டி மரம் உட்பட, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. அந்தச் சமயம் வெளிநாட்டு ஆர்டர் மூன்று என் கையில் இருந்தன, மூன்றிலும் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் ஃபிரெட் பதிக்கும் பலகை). விற்று அனுப்புகிற ஒவ்வொரு கிட்டாருக்கும் அப்போது சான்றிதழ் வேண்டியிருந்தது. பெரிய தொழிற்சாலையில் அதற்கென்று ஆள் இருப்பார். இங்கே ஃபிரெட் தேய்க்கிறவரும் நான், படிவம் நிரப்புகிறவரும் நான். ஒன்று ஏழு மாதம் பெட்டியிலேயே கிடந்தது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது, ஆனால் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் இருக்கும் கடுமையான பட்டியலிலேயே தொடர்கிறது. காட்டைக் காக்கும் விதி தப்பு என்று சொல்லவே மாட்டேன், மரத்தை நம்பி வாழ்பவன் நான். அதற்குப் பிறகு சூட்டில் வாட்டிய மேப்பிள் மரத்துக்கு மாறிவிட்டேன்.

பெட்டியில் கிடந்த அந்தக் கிட்டார் போய்ச் சேர்ந்தபோது குளிர்காலம், காற்று வறண்டிருந்தது. ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கியிருந்தது. உலோகம் சுருங்காதே, ஃபிரெட் முனைகள் இரண்டு பக்கமும் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றன. வாங்கியவர் விரலில் கீறல் விழுந்த படத்தை அனுப்பினார். என் செலவில் அவர் ஊர்ப் பழுதுபார்ப்பவரிடம் சரிசெய்து கொடுத்தேன். இப்போது நெக் மரத்தின் ஈரம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, ஒரு மாதம் அங்கேயே நின்றால்தான் ஃபிரெட் போடுவேன்.

*

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. 142 மணி நேரம் என்று எழுதிய நண்பருக்குத் தனியாக நன்றி. நேற்று இரவு என் கிட்டாரைச் செய்தவரைக் கூப்பிட்டேன். குறைசொல்லக் கூப்பிடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, முன்பணம் பற்றிய அந்தப் பத்தியை மெதுவாக வாசித்துக் காட்டினேன். முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவர் எத்தனை மணி நேரம்னு சொன்னார்?"

"142."

"நான் இதுவரைக்கும் எழுதிப் பார்த்ததே இல்லைங்க."

நான் இன்னொன்று வாங்குவதாக இருந்தால் செய்து முடித்த பிறகு முழுப் பணத்தையும் ஒரே தடவையில் தருகிறேன், எப்போது முடிகிறதோ முடியட்டும், எனக்கு முன்னால் சுவரில் இருக்கிறவர்களை முதலில் முடியுங்கள் என்றேன். சரி என்றார். இன்று காலை பல மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. புது நோட்டு, முதல் பக்கம். மேலே தேதி, அதற்குக் கீழே பென்சிலில் ஒரே வரி: நெக் செதுக்கல், 3 மணி 20 நிமிடம்.